கேட்டுக் கற்றதும், காட்டிக் கற்றதும்



மொரப்பூரில் நான் கீபோர்டு கற்றது எவரிடமும் அல்ல. கேசட்டைப் போட்டுக் கேட்பேன், கட்டையைத் தேடுவேன், கிடைக்காவிட்டால் மறுபடியும் கேட்பேன். ஆறே மாதத்தில் ஆராதனைக்கு வாசித்தேன். "சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே கத்துக்கிட்டானே!" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில், ஒரு துக்க வீட்டில் கீபோர்டு நின்றுவிட்டது. பழைய ஹார்மோனியத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சகோதரி ஐந்தரைக் கட்டை சுருதியில் பாட்டை எடுத்தார். என் கை ஓடவில்லை. நான் பழகியது ஒரு கட்டை சுருதி மட்டுமே. அதில் எல்லாம் வெள்ளைக் கட்டை. ஐந்தரையிலோ நான்கு கறுப்புக் கட்டை வரும். மற்ற சுருதிகளையெல்லாம் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியே ஒப்பேற்றி வந்தேன். ஹார்மோனியத்தில் அந்தப் பட்டன் ஏது? தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே ரயிலேறி, சேலத்தில் ஒரு மாஸ்டரிடம் போனேன். வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். "தம்பி, காது நல்லா இருக்கு. விரலுக்குத்தான் வழி தெரியல" என்றார். ச, ரி, க மூன்றுக்கும் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். 'ம' வரும்போது பெருவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து வரவேண்டும். நானோ இத்தனை வருஷமும் இரண்டு விரலால் குதித்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்பதைவிட, பழகிய தப்பை விடுவதற்கே அதிக நாள் பிடித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. தானாகக் கற்பது வீண் அல்ல. கணித மேதை ராமானுஜன் 1903-ல் கும்பகோணத்தில், இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்தே கற்றார். அதில் சுமார் 5,000 தேற்றங்கள். பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் இல்லை. ஆகவே தானே வழி தேடினார். அந்தத் தேடலே அவரை வளர்த்தது.

2. தன் தப்பு தனக்குத் தெரியாது. 1913-ல் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், அபூர்வமான கண்டுபிடிப்புகளோடு பகா எண்களைப் பற்றிய ஒரு தவறான முடிவும் இருந்தது. அதைக் காண வேறு கண்கள் தேவைப்பட்டன.

3. நல்ல ஆசான் நம்மிடம் உள்ளதை அழிப்பதில்லை. 1914-ல் ராமானுஜன் அங்கே போனபோது ஹார்டி நிரூபணத்தின் அவசியத்தைக் கற்பித்தார். ஆனால் ஊற்றை அடைக்கவில்லை. 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். தான் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே அதிகம் என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார். என் மாஸ்டரும் அப்படித்தான். காதை விட்டுவிட்டு விரலைத் திருத்தினார்.

வாலிபத் தம்பிமாரே, தங்கைமாரே, இன்று செல்போனைப் பார்த்தே கற்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நீங்கள் செல்போனைப் பார்க்கிறீர்கள். செல்போன் உங்கள் கையைப் பார்ப்பதில்லையே! ரதத்தில் வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரி, விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று சொல்ல வெட்கப்படவில்லை; பிலிப்புவை ஏற்றி அருகே உட்காரவைத்தார். நாமும் தெரிந்த ஒருவர் முன்னால் கையை வைத்து, "பாருங்க ஐயா, எங்கே தப்பு?" என்று கேட்போம். அவசரத்துக்குக் கை ஓடும்.