வேண்டாத செடிக்கு வேறு வீடு

வீட்டை விரித்துக் கட்டும்போதோ, பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்டதால் கவனிக்க ஆளில்லாதபோதோ முற்றத்துச் செடிகள் சில இடம் இழக்கின்றன. உடன்குடிப் பக்கம் அவற்றைச் செம்மணல் தேரிக்காட்டில் கொண்டுபோய் வீசிவிடும் வழக்கம் வரவே கூடாது. செடியைக் கொடுப்பவர் அதன் பெயர், குணம், தேவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது போன இடத்தில் பிழைக்கும். பிறருக்கும் கெடுதல் செய்யாது.

செய்ய வேண்டியவை

• செடி கொடுக்கப் போவதைப் புரட்டாசியிலேயே சொல்லிவையுங்கள். நம் மண் நனைவது வடகிழக்குப் பருவமழையில்தான். ஐப்பசி முதல் மழையில் கைமாறிய செடி, கார்த்திகை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும்.

• முழுச்செடியைத் தோண்டும் முன் யோசியுங்கள். முருங்கை போத்திலேயே வரும். மூன்றடி நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் நடலாம். செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் குச்சி போதும். பிச்சிக்குப் பதியன் போடுங்கள்.

• கறிவேப்பிலையின் பக்கக்கன்றை உடனே பிடுங்க வேண்டாம். தாய்வேரோடு இணைந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சில வாரம் அங்கேயே நிற்க விடுங்கள். தனி வேர் விட்டபின், சாயங்காலத்தில், மண்கட்டி உடையாமல் எடுங்கள். இலையில் பாதியைக் கழித்துவிட்டால் வாட்டம் குறையும்.

• பள்ளிக்கூடம், கோயில் நந்தவனம், பள்ளிவாசல், தேவாலய வளாகம் ஆகியவற்றில் கேளுங்கள். விடுமுறை நாளிலும் தண்ணீர் விட ஆள் உண்டா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள்.

• இதுவரை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்லுங்கள். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர்நீர்தான். நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த செடிக்கு உவர்நீரில் இலை நுனி கருகும்.

• தேரி மண்ணில் நடுபவருக்கு வழி சொல்லிக் கொடுங்கள். அந்தச் செம்மணல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. குழியில் குளத்துக் கரம்பையும் மக்கிய சாணமும் இட்டு, மேலே பனையோலை மூடாக்குப் போட வேண்டும். ஆனி, ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கம் ஓலை மறைப்பு அவசியம்.

செய்யக்கூடாதவை

• வடலியைப் பெயர்த்து நட முயலாதீர்கள். பனங்கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும்; அங்கிருந்துதான் வேரும் இலையும் கிளம்பும். அது அறுந்தால் கன்று பட்டுப்போகும். பனை கேட்பவருக்குக் கொட்டையைக் கொடுங்கள். வளர்ந்த பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது. கருப்பட்டியால் பெயர்பெற்ற ஊர் உடன்குடி. முடிந்தவரை பனை நிற்கும் இடத்தை விட்டே கட்டடத்தைத் திட்டமிடுங்கள்.

• தேரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். ஆகாயத்தாமரை இந்தியாவுக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக வந்தது. இரண்டும் இன்று நம் நீர்நிலைகளையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

• பூச்சி பிடித்த செடியைக் கொடுக்காதீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்த பிறகே அடங்கியது. செம்பருத்தியிலும் அது தங்கும். இலையடியில் வெண்பஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள்.

• இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் வாழையின் கன்றைக் கொடுக்கவே கூடாது. அது முடிக்கொத்து நோய். கன்றோடு சேர்ந்தே போகும்.

• அரளியைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய கிளைகளைத் தெருவில் போட்டால் ஆடு மேய்ந்து செத்துப்போகும்.

• கொழும்புக்கோ துபாய்க்கோ புறப்படுபவரின் பெட்டியில் பதியனைத் திணிக்காதீர்கள். எல்லை தாண்டும் செடிக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தூத்துக்குடியில் மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

• கேட்காமல் அடுத்தவர் வாசலில் தொட்டியை வைத்துவிட்டு வராதீர்கள்.

எவ்வளவு தேடியும் வாங்க ஆள் கிடைக்காத செடியை நறுக்கி உரக்குழியில் போடுங்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. மக்கி அடுத்த செடிக்கு உணவாகும். தேரியில் வீசிய செடி வேர்விட்டுப் பரவிவிட்டால், அதை அகற்றும் பாடு நம் பேரப்பிள்ளைகள் தலையில்தான் விழும்.