பாட்டில் தீர்க்காத டீசல் கோளாறுகள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் இன்ஜின் ஆயில் டப்பாக்களுக்குப் பக்கத்துத் தட்டில் சின்னச் சின்ன பாட்டில்கள் அடுக்கியிருக்கும். மைலேஜ் கூடும், புகை நிற்கும், இழுவை ஏறும், இன்ஜெக்டர் புதுசாகும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, குட்டியானை என்று ஒரே ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் அதை வாங்குவதில் வியப்பில்லை. காமன் ரயில் இன்ஜினில் இன்ஜெக்டர் போனால் அந்த மாத வருமானம் பம்ப் கடைக்குப் போய்விடும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்து விற்கப்படும் பல மருந்துகள், நம் ஊர் டீசலில் இல்லாத குறைக்கானவை. நம் வண்டிகளை நிஜமாகவே கெடுக்கும் தண்ணீரையும் அழுக்கையும் அவற்றில் பெரும்பாலானவை தொடுவதே இல்லை.

நம்பிக்கை: “அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஊற்றுகிறார்கள். நாமும் ஊற்ற வேண்டும்.”

அங்கே அந்தப் பழக்கம் பரவலாக இருப்பது உண்மைதான். ஃபோர்டு, ராம், ஷெவர்லே வண்டிக்காரர்கள் டேங்குக்கு டேங்கு ஏதாவது ஊற்றுகிறார்கள். இங்கே யூடியூபில் சுற்றும் யோசனைகளில் பல அங்கிருந்து வந்தவை. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் டீசல் வேறு. டீசல் எவ்வளவு சீக்கிரம் தானே பற்றிக்கொள்ளும் என்பதைச் சொல்வது சீட்டேன் எண். அமெரிக்கத் தரப்படி அது 40 இருந்தால் போதும். நம் பி.எஸ்.6 டீசலுக்குக் குறைந்தபட்சம் 51 வேண்டும்.

அடுத்தது வழுவழுப்பு. டீசலில் மூழ்கிய ஒரு தகட்டின் மீது சின்ன எஃகு உருண்டையை 60 டிகிரி வெப்பத்தில் 75 நிமிடம் தேய்த்து, உருண்டையில் விழுந்த தேய்மானத் தழும்பை அளக்கிறார்கள். தழும்பு சிறிதாக இருந்தால் டீசல் நன்றாக வழுக்குகிறது என்று பொருள். அமெரிக்காவில் 520 மைக்ரான் வரை அனுமதி. இந்தியாவில் 460க்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது, குளிர். மின்னசோட்டாவின் உறைபனியில் டீசலில் உள்ள மெழுகு கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதற்காகவே அவர்கள் உறைதல் தடுப்பு மருந்து வாங்குகிறார்கள். நம் நாட்டில் அந்தத் தொல்லை லடாக்கில் உண்டு. அங்கே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலையே கொண்டுவந்தது. மதுரையிலும் திருச்சியிலும் ஓடும் வண்டிக்கு அந்த பாட்டிலால் எந்த வேலையும் இல்லை.

நம்பிக்கை: “சல்ஃபரை எடுத்துவிட்டதால் டீசல் வறண்டுவிட்டது. டூ-டி ஆயில் கொஞ்சம் ஊற்றினால் பம்ப் பிழைக்கும்.”

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நிஜமான வரலாறு இருக்கிறது. சல்ஃபரை நீக்கும்போது டீசலுக்கு இயல்பாக வழுவழுப்புத் தரும் சில சேர்மங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் சல்ஃபர் மிகக் குறைந்த டீசலுக்கு மாறியபோது பம்புகள் தேய்ந்து பழுதாயின. உலகம் அதிலிருந்துதான் பாடம் கற்றது. மேலே சொன்ன தேய்மானச் சோதனை தரவிதிகளுக்குள் வந்ததும், விற்பனைக்கு வருமுன்பே டீசலில் வழுவழுப்புச் சேர்மானம் கலக்கப்படுவதும் அதற்குப் பிறகுதான். இந்தியாவில் பி.எஸ்.3 காலத்தில் 350 பி.பி.எம். ஆக இருந்த சல்ஃபர் வரம்பு பி.எஸ்.4இல் 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 10. சல்ஃபர் வரம்பு இறங்கியபோதும் தேய்மான வரம்பு தளர்த்தப்படவில்லை. பங்கில் வாங்கும் டீசல் வறண்டது அல்ல.

டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்காகச் செய்யப்பட்டது. அதன் வகைகள் பலவற்றில் உலோகச் சேர்மானம் உண்டு. அது எரிந்தபின் சாம்பலாகும். பழைய இன்ஜினில் அந்தச் சாம்பல் புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். பி.எஸ்.6 வண்டியில் வழியை மறித்துக்கொண்டு டி.பி.எஃப். என்கிற புகை வடிகட்டி நிற்கிறது. பழைய இன்ஜின் ஆயிலை வடிகட்டி டீசலில் கலக்கும் பழக்கம் இதைவிட மோசம். அதில் உலோகத் துகளும் கரியும் சேர்ந்தே வரும்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டியானை 2005இல் வந்தபோது அதிலிருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், இயந்திர பம்ப் கொண்ட எளிய இன்ஜின். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாலும் அது ஓடியது. “எங்க அப்பா காலத்திலிருந்து ஊத்துறோம்” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றைய காமன் ரயில் பம்ப் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்த்தது. அது கலந்தால் உலோகத்தின் மேல் உலோகம் உரசும். உரசி உதிர்ந்த தூள் ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் இருப்பதால் நேராக இன்ஜெக்டருக்குள் போகும். பிறகு பம்ப், ரயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவது சட்டப்படி குற்றமும்கூட.

நம்பிக்கை: “ஒரு பாட்டில் ஊற்றினால் மைலேஜ் கூடும்.”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லிட்டர் டேங்கில் 40 மில்லி ஊற்றினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 40 மில்லியும் டீசலாகவே எரிந்தாலும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு லிட்டருக்கு 15 மீட்டர்தான் கூடுதலாகக் கிடைக்கும். எரிசக்தி பாட்டிலிலிருந்து வர வழியில்லை. எரியும் விதம் மேம்பட்டால்தான் உண்டு. சீட்டேன் கூட்டிகளில் பெரும்பாலும் இருப்பது எத்தில்ஹெக்சில் நைட்ரேட் என்கிற வேதிப்பொருள். டீசல் உள்ளே பாய்ந்ததற்கும் பற்றிக்கொள்வதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைக்கும். சீட்டேன் குறைந்த டீசலில் அதனால் தட்டல் சத்தம் குறையும், காலையில் வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆகும். ஏற்கெனவே 51ஐத் தாண்டிய டீசலில் மிச்சமிருக்கும் ஆதாயம் சொற்பம்.

பிறகு ஏன் பலருக்கு மைலேஜ் கூடியதாகத் தெரிகிறது? லோடு வண்டியின் மைலேஜ் நாளுக்கு நாள் மாறும். லோடு, ஏற்றம், காத்து, டிராஃபிக் என்று எது மாறினாலும் மாறும். பணம் கொடுத்து மருந்து ஊற்றியவர் அந்த வாரம் ஆக்சிலரேட்டரையும் மெதுவாகத்தான் மிதிப்பார். டயர் காற்றழுத்தம், அடைந்த ஏர் ஃபில்டர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகிய மூன்றையும் சரி செய்தால் கிடைக்கும் ஆதாயத்தை எந்த பாட்டிலும் தராது.

நம்பிக்கை: “இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினால் இன்ஜெக்டர் புதுசாகிவிடும்.”

இதில் பாதி உண்மை. இன்ஜெக்டர் முனையின் நுண்துளைகளில் கரி படியும்போது டீசல் சரியாகத் தெளிக்கப்படாது. நல்ல கழுவுபொருள் அந்தப் படிவைக் கரைக்கும். ஒரே டேங்கில் அல்ல, தொடர்ந்து சில டேங்குகளில். எக்ஸ்ட்ராகிரீன், டர்போஜெட் போன்ற விலை கூடிய டீசல்களில் இத்தகைய சேர்மானம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைப் போடுகிறவர் மேலும் ஒரு பாட்டில் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும். அளவு மீறுவது நல்லதல்ல. கழுவுபொருள்களில் சில வகைகளே இன்ஜெக்டருக்குள் பிசினாகப் படிந்த சம்பவங்கள் உண்டு.

தேய்ந்த ஊசியையும் கசியும் வால்வையும் எந்தத் திரவமும் சரி செய்யாது. எது படிவு, எது தேய்மானம் என்று அறிய ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறையும். பம்ப் கடையில் கொஞ்ச நேரத்தில் முடியும் சோதனை இது. மருந்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: துத்தநாகம். ஐரோப்பாவில் இன்ஜெக்டர் கழுவுபொருள்களைச் சோதிக்கும் முறையில், இன்ஜெக்டரை வேண்டுமென்றே அழுக்காக்க டீசலில் 1 பி.பி.எம். துத்தநாகம் கலக்கிறார்கள். அவ்வளவு குறைந்த அளவே அதற்குப் போதும். ஆகவே துத்தநாகம் பூசிய டிரம்மிலோ வாளியிலோ டீசலைச் சேர்த்து வைக்காதீர்கள்.

நம்பிக்கை: “தண்ணீர் கலந்திருந்தாலும் மருந்து அதை எரித்துவிடும்.”

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. நம் ஊர் டீசல் வண்டிகளின் பெரும் எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் அது கசியலாம். பாதி காலியான டேங்கில், ஈரக்காற்று இரவில் குளிர்ந்து துளிகளாக இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்புக் கூழாக ஃபில்டரை அடைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இதை அடிக்கடி காணலாம்.

ஃபில்டரோடு இருக்கும் வாட்டர் செப்பரேட்டர், தண்ணீர் தனித் துளியாகப் பிரிந்திருந்தால்தான் அதைப் பிடிக்கும். ஆல்கஹால் கலந்த மருந்துகளும் தண்ணீரை டீசலோடு குழைத்துவிடும் மருந்துகளும் அந்தத் துளியை நுண்ணியதாக உடைத்துச் செப்பரேட்டரைத் தாண்ட வைத்துவிடும். தாண்டிய தண்ணீர் உயர் அழுத்த பம்பில் துருவாகவும் இன்ஜெக்டர் முனையில் அரிப்பாகவும் வெளிப்படும். வாங்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீரைப் பிரித்துக் கீழே இறக்கும் வகையை வாங்குங்கள். அதைவிட நல்லது செலவில்லாத வழி. இரவு முழுவதும் வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடி, கைபம்பை அழுத்தி ஏர் லாக் எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இதை வழக்கமாக்கிக்கொண்டு, இரவு டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள். டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருக்கும் பங்கைத் தவிருங்கள். சந்தேகம் வந்தால் அடர்த்தி சோதனையைக் கேளுங்கள், அது வாடிக்கையாளர் உரிமை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வண்டிகள் மூழ்கியதைப் பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டிக்கு எந்த மருந்தும் பதிலாகாது. சாவியைத் திருப்பாமல் இழுத்துக்கொண்டு போய் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆட்ப்ளூ என்பது டீசலில் கலக்கும் மருந்து அல்ல. அது 32.5 சதவீத யூரியாவும் தண்ணீரும். அதற்கென்று தனி டேங்க் உண்டு. டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் டேங்கைக் காலி செய்யுங்கள். இன்னொன்று, டி.பி.எஃப். கிளீனர். கரி எரியும் வெப்பத்தைக் குறைக்கும் சேர்மானம் நிஜமாகவே உண்டு. 2000இல் பெஜோ 607 கார் சீரியம் கலந்த அத்தகைய திரவத்தைத் தனித் தொட்டியிலேயே சுமந்து வந்தது. ஆனால் அந்த வண்டியே அதற்காக வடிவமைக்கப்பட்டது. நம் வண்டியில் கரி எரிய வடிகட்டி சுமார் 600 டிகிரி சூடாக வேண்டும். தெருத்தெருவாக நின்று நின்று போகும் தண்ணீர் கேன் வண்டியில் அது நடக்காது. வாரத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் நிற்காமல் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். இன்ஜின் ஆயிலிலிருந்து வந்து தங்கும் சாம்பலோ எந்தச் சூட்டிலும் எரியாது. அதற்குக் கையேட்டில் சொன்ன தர ஆயிலைத்தான் போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பாட்டில் பயன்படும் இடம் உண்டு. சாதா டீசலிலேயே லட்சம் கிலோமீட்டர் கடந்து, ரிட்டர்ன் டெஸ்ட்டில் தேறி, ஆனாலும் ஐடிலில் நடுங்கும் வண்டி. அதற்குக் கழுவுபொருள் வாங்கலாம். எந்த வேலைக்கு என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லும் பாட்டிலாக இருக்கட்டும். உலோகமோ ஆல்கஹாலோ இல்லை, டி.பி.எஃப். வண்டிக்கு ஏற்றது, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற விவரம் லேபிளில் வேண்டும். வண்டியின் கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம், குறிப்பாக வாரன்டி இருக்கும்போது. ஊற்றிய பிறகு வரும் முதல் சர்வீஸில் டீசல் ஃபில்டரை மறக்காமல் மாற்றுங்கள். டேங்கிலிருந்து கழன்ற அழுக்கு அதில்தான் சேர்ந்திருக்கும்.