இலைப்பதிவு: மரத்தடியில் தொடங்க வேண்டிய பாடம்

மையோ வண்ணமோ தடவிய இலையைத் தாளில் அழுத்தி, அதன் உருவத்தையும் நரம்போட்டத்தையும் உள்ளபடியே பெறும் முறை இலைப்பதிவு எனப்படும். இதற்கான செய்முறையும் சேஜ் என்னும் மூலிகையின் இலைப்பதிவும் லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் உள்ளன. சென்னையில் 1857-இல் ஹென்றி ஸ்மித், தாவரங்களிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். இத்தனை பழமையும் அறிவியல் பயனும் கொண்ட ஒரு முறை, தொடக்கப் பள்ளிகளில் மயிலும் வண்ணத்துப்பூச்சியும் செய்வதற்கான கைவேலையாகச் சுருங்கிப்போனதற்கு, ஓவியத்தைத் தாவரப் பாடத்தினின்று பிரித்து வெள்ளிக்கிழமைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்த வகுப்பு அட்டவணைக்குப் பெரும்பங்கு உண்டு.

இப்பயிற்சியில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை அடுத்த தாளிலேயே திருத்திக்கொள்ளத்தக்கவை. ஒன்று மட்டும் அவ்வாறன்று. ஆசிரியர் பள்ளிக்கு வரும் வழியில் இலைகளைப் பறித்துப் பையில் போட்டுவந்து மேசைமேல் கொட்டுவதே அது. அவ்வாறு கொட்டப்படும் வேம்பு, ஈர்க்கிலிருந்து உருவப்பட்ட உதிரிகளாகவே குழந்தையின் கைக்கு வருகிறது. குழந்தை அவற்றுள் ஒன்றைப் பதித்து அடியில் வேப்பமரத்து இலை என்று எழுதிவைக்கிறது. தாவரவியலின்படி அது இலையன்று, சிற்றிலை. அதாவது, ஒரே காம்பின் இருபுறமும் அமைந்த பல பகுதிகளுள் ஒன்று. அச்சிற்றிலைகள் அனைத்தும் ஈர்க்கோடு சேர்ந்ததே ஓர் இலை. அது கூட்டிலை எனப்படும். பூவரசில் உள்ளதுபோல் ஒரே பரப்பாக இருப்பது தனியிலை. இலையையும் சிற்றிலையையும் பிரித்தறியத் துணை செய்வது கோணமொட்டு, அதாவது இலைக்காம்பு கிளையோடு சேரும் கோணத்தில் தோன்றும் சிறு மொட்டு. இலையின் அடியில் அது இருக்கும், சிற்றிலையின் அடியில் இராது. இச்சான்று கிளையில் மட்டுமே கிடைப்பதால், பைக்குள் போன இலையை வைத்துக்கொண்டு எத்துணைத் திறமையான ஆசிரியரும் இதைக் காட்ட இயலாது. முருங்கையில் குழப்பம் இன்னும் கூடும்; அதன் இலை மும்முறை பிரிந்தது என்பதால், கீரைக்காக உருவும்போது கையில் சேரும் நூற்றுக்கணக்கான துணுக்குகள் உண்மையில் ஒருசில இலைகளுக்குள் அடங்கிவிடும். தொடக்க வகுப்பில் சிற்றிலையை இலையென்று பதித்துப் பெயரெழுதிய மாணவர், மேல்வகுப்பில் கூட்டிலையைக் கிளை என்றே கூறுகின்றனர். தம் கையால் செய்த பதிவே அதற்குச் சான்றாக இருப்பதால், புத்தகத்தில் படித்த பிழையைக் காட்டிலும் இப்பிழையைக் களைவது கடினமாகிறது.

எனவே முதல் நாளில் வண்ணத்தைத் தொடவே வேண்டியதில்லை. பள்ளி வளாகத்தில் நிற்கும் பூவரசு, வேம்பு, புங்கை ஆகியவற்றின் அடியில் குழந்தைகளை நிறுத்தி, மொட்டைத் தேடச் செய்து, அதன்பின் காம்போடு ஓர் இலையை அவர்களே பறிக்க விடுவது போதும். இதற்கு நேரமில்லை என்போர், மயிலின் கழுத்துக்கு ஜிகினா ஒட்டுவதற்கு இரண்டு பாடவேளைகளை ஒதுக்குகின்றனர். எருக்கின் பால் கண்ணுக்குத் தீங்கு செய்வது, அரளி நஞ்சுடையது. ஆகவே இவ்விரண்டையும் அறவே விலக்க வேண்டும்.

செய்முறையில் விளக்க வேண்டியது குறைவு. இலையை நாளிதழ் மடிப்பில் வைத்துச் சற்று நேரம் கனமேற்றிப் படியச் செய்து, நரம்புகள் புடைத்திருக்கும் அடிப்பரப்பில் போஸ்டர் வண்ணத்தை அதிகம் நீர் கலக்காமல் பஞ்சால் ஒற்றி, மெல்லிய தாளில் கவிழ்த்து விரலால் அழுத்தினால் பதிவு கிடைக்கும். பளபளப்பான மேற்பரப்பில் தடவினால் பெரும்பாலும் வண்ணத்திட்டே மிஞ்சும். மீண்டும் வண்ணம் தொடாமல் எடுக்கும் இரண்டாம் பதிவு வெளிறியிருந்தாலும், நுண்ணிய நரம்புகளைப் பலவேளைகளில் முதற்பதிவினும் தெளிவாகக் காட்டும். பூவரசில் காம்பு சேரும் இடத்திலிருந்தே பல நரம்புகள் விரிவதையும், மாவிலையில் நடுநரம்பிலிருந்து கிளைநரம்புகள் பிரிவதையும், மூங்கிலில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதையும் அருகருகே வைத்தால், வேறுபாட்டை ஆசிரியர் சொல்ல நேராது, குழந்தைகளே சொல்லிவிடுகின்றனர்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்யப்பட்ட பின்னும் பதிவுகள் கெடுவது கண்காட்சியின் வாயிலில்தான். பதியாத நரம்பைப் பேனாவால் வரைந்து நிரப்புவதும், பூச்சி அரித்த இலையை ஒதுக்கி முழு இலையைக் கேட்பதும் நடுவர்களை எண்ணியே செய்யப்படுகின்றன. 1730-களின் பிற்பகுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் பணத்தாள்களில் இலைப்பதிவைச் சேர்த்து அச்சிடத் தொடங்கியதற்குக் காரணமே, நரம்புப் பின்னலைக் கையால் போலியாக வரைவது மிகக் கடினம் என்பதுதான். கள்ளநோட்டு அடிப்போர் அஞ்சிய அவ்வேலையைப் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஆசிரியர்கள் ஒரே மாலையில் செய்து முடிக்கின்றனர். ஒரு கண்காட்சியில், பூச்சி அரித்த பூவரசிலையைத் துளைகளோடு பதித்து, எந்தக் கிளையில் துளைகள் மிகுதி என்று அடியில் எழுதியிருந்த சிறுமிக்கு ஆறுதல் பரிசும் கிட்டவில்லை. இலைகளை ஒட்டிச் செய்த பிள்ளையாருக்கே முதற்பரிசு சென்றது. அன்று நடுவராக அமர்ந்தவருக்கு ஓவியம் தெரியும், மரம் தெரியாது.

மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்ந்து செந்தளிர் விடும் வேளையில் எடுத்த பதிவும், முற்றிய இலையில் ஆடியில் எடுத்த பதிவும் ஒன்றாக இரா. ஆகவே கண்காட்சி நடத்துவோர், மரத்தின் பெயரும் பறித்த இடமும் நாளும் எழுதப்படாத எந்தப் பதிவையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.