ரெண்டரிங் வேகம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீடியோ ரெண்டரிங் மூன்று வேலைகள் சேர்ந்தது. கேமரா சுருக்கித் தந்த கோப்பை விரிப்பது டிகோடிங். நிறத்திருத்தம், எழுத்து முதலியவற்றை ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கிட்டுச் சேர்ப்பது அடுத்தது. முடிந்ததை மறுபடி சுருக்கி எழுதுவது என்கோடிங். மூன்றில் எது மந்தமோ அதுவே பெரும்பாலும் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் பாகம் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது.

நம்பிக்கை: விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் நேரம் பாதியாகும்.

எஃபெக்ட்களைக் கணக்கிடும் கோர்கள் வேறு. வீடியோவைச் சுருக்குவதற்கென்றே சிப்பில் அமைந்த சுற்று வேறு. என்விடியா 2012இல் கெப்ளர் தலைமுறையோடு தந்த என்வென்க் அப்படிப்பட்ட சுற்று. இன்டெல் அதற்கு ஓராண்டு முன்பே சாண்டி பிரிட்ஜ் பிராசசரில் குவிக் சிங்க்கைக் கொண்டுவந்துவிட்டது. ஒரே தலைமுறையில் மலிவான கார்டிலும் விலையுயர்ந்த கார்டிலும் இந்தச் சுற்று பெரும்பாலும் ஒன்றே. ஆகவே இரைச்சல் நீக்கம், கனமான நிறத்திருத்தம் உள்ள வேலைக்குப் பெரிய கார்டு உதவும். வெறுமனே வெட்டி ஒட்டிய கல்யாண வீடியோவுக்கு அவ்வளவாக உதவாது. பல கணினிகளில் இந்தச் சுற்று இருந்தும், எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்ட்வேர் என்கோடிங் தேர்வு செய்யப்படாமலே கிடக்கிறது. கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. அதே பிட்ரேட்டில், மெதுவான அமைப்பில் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் தரும் தெளிவை ஹார்ட்வேர் என்கோடர் பொதுவாக எட்டுவதில்லை. யூடியூபுக்குப் போகும் கோப்பு என்றால் கவலை வேண்டாம். அங்கே எப்படியும் மறுபடி சுருக்குகிறார்கள். பிட்ரேட்டைச் சற்றுக் கூட்டிவிட்டால் போதும்.

டிகோடிங்கிலும் விலை மட்டும் பேசாது. சில கேமராக்கள் 10 பிட் 4:2:2 வடிவில் பதியும் ஹெச்இவிசி கோப்புகளை, ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான என்விடியா கார்டுகளால் ஹார்ட்வேரில் விரிக்க முடியாது. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசரில் கூடவே வரும் கிராஃபிக்ஸ் அதைச் செய்துவிடும்.

நம்பிக்கை: ராமை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்.

ராம் போதாதபோது மட்டுமே இது பொருந்தும். 8 ஜிபியில் திணறும் 4கே வேலை 16 ஜிபியில் சீராகலாம். 32 ஜிபியில் பாதி சும்மா இருக்கும்போது 64 ஆக்கினால் ஒன்றும் மிச்சமாகாது. ரெண்டரிங் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் விடை தெரிந்துவிடும்.

நம்பிக்கை: எஸ்எஸ்டிக்கு மாறினால் ரெண்டரிங் பறக்கும்.

நொடிக்கு 50 மெகாபிட் கொண்ட 4கே கோப்பு என்பது நொடிக்குச் சுமார் 6 மெகாபைட்தான். நொடிக்கு 100 மெகாபைட் தாண்டும் சாதாரண ஹார்ட் டிஸ்குக்கு அது சுமையே அல்ல. மூலக் கோப்பு, குறைவாகவே சுருக்கும் புரோரெஸ் 422 ஹெச்க்யூ வடிவில் இருந்தால் நிலைமை வேறு: 4கே, 30 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் படிக்க வேண்டும். அப்போது எஸ்எஸ்டி அவசியம்.

நம்பிக்கை: ப்ராக்ஸி போட்டால் எக்ஸ்போர்ட்டும் வேகமாகும்.

ஆகாது. மூலக் கோப்புக்குப் பதிலாக எடிட்டிங்கில் பயன்படும் இலகுவான நகலே ப்ராக்ஸி. அது எடிட்டிங்கின்போது திணறலைப் போக்கும். எக்ஸ்போர்ட் வழக்கமாக மூலக் கோப்பிலிருந்தே நடக்கும்.

நம்பிக்கை: எதையும் 4கேயில், இரண்டு பாஸில் எடுப்பதே தரம்.

1080பியில் எடுத்ததை 4கே ஆக்கினால் புதிய விவரம் வந்துவிடாது. சுருக்க வேண்டிய பிக்ஸெல்கள் மட்டும் நான்கு மடங்காகும். வீடியோவை முதலில் ஒருமுறை அலசிவிட்டு மறுமுறை சுருக்கும் இரண்டு பாஸ், நேரத்தை ஏறக்குறைய இரட்டிக்கும். கோப்பு இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவருக்கு அது தேவையில்லை.

தொடக்கத்தையும் முடிவையும் நறுக்குவது மட்டுமே வேலையென்றால் ரெண்டரிங்கே வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள், சுருக்கிய தரவை அப்படியே நகலெடுத்துத் தரும். பெரிய கோப்பும் விரைவில் முடிந்துவிடும், தரமும் குறையாது. ஆனால் வெட்டு, முழுப் படமாகப் பதிந்திருக்கும் கீஃபிரேமில்தான் சுத்தமாக விழும் என்பதால், குறித்த இடத்திலிருந்து ஓரிரு நொடி முன்பின் ஆகலாம்.