முழங்கால் வலி: உட்காரவும் வேண்டும், நடக்கவும் வேண்டும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைப் பாருங்கள். துணிக்கடையில் பெண்கள் நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள. ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள். வீட்டு வேலை செய்பவர்கள் குத்தவைத்துத் தரை துடைக்கிறார்கள். இவர்களில் பலருக்கும் முழங்கால் வலி வருகிறது.

"அது வயதானவர்களுக்கு வரும் நோய்" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. 40 வயதிலும் வரும். வலி வந்தால் வேலை போகும். கூலி போகும்.

வலி ஏன் வருகிறது?

முழங்காலில் எலும்புகள் சேரும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது மெத்தை போல உதவும். அது கெட்டுத் தேய்ந்தால் மூட்டு வலிக்கும். இதுவே மூட்டுத் தேய்மானம். உடல் எடை கூடினால் இது வரலாம். முன்பு முழங்காலில் அடிபட்டிருந்தாலும் வரலாம். பல ஆண்டு குத்தவைத்து வேலை செய்தாலும், பளு தூக்கினாலும் வரலாம்.

தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. ஆனால் வலியைக் குறைக்க முடியும்.

என்ன செய்யலாம்?

அசையாமல் படுத்தே கிடக்காதீர்கள். தொடைத் தசை மெலிந்தால் வலி கூடும். தசைக்கு வலு வேண்டும்.

நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை செய்யுங்கள். தினமும் செய்யுங்கள். முடிந்த அளவு நடங்கள்.

எடை கூடியவர்கள் எடையைக் குறையுங்கள். 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

தரை துடைக்க நீளக் கம்பு வைத்த துடைப்பான் நல்லது. காய் நறுக்க மேசை நல்லது.

மருந்துக்கடையில் நீங்களே வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீர்கள். வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகம் கெடலாம். அரசு குடும்ப ஆரோக்கிய மையத்தில் டாக்டரிடம் கேளுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால், காலை ஊன்ற முடியாவிட்டால், உடனே போங்கள்.

உட்காருவது உரிமை

நாள் முழுவதும் நின்றால் வலி கூடும். ஆனால் உட்கார நாற்காலி வேண்டுமே! கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் சேர்ந்தார்கள். கழிப்பறை கேட்டார்கள். உட்கார இடம் கேட்டார்கள். பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கடைத் தொழிலாளர்களுக்கு முதலாளி இருக்கை தர வேண்டும் என்று அது சொல்கிறது. 2021-ல் தமிழ்நாடும் இப்படிச் சட்டம் செய்தது.

உங்கள் கடையில் இருக்கை இல்லையா? தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வேலையில் முழங்காலுக்குக் கஷ்டம் தருவது எது?
2. அதை எப்படி மாற்றலாம்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. தினமும் ஒவ்வொரு காலையும் ______ தடவை நீட்டி மடக்க வேண்டும்.
2. கேரளத்தில் இருக்கை உரிமைச் சட்டம் வந்த ஆண்டு ______.