தாய் கரிசலுக்கு, கிடா சந்தைக்கு

எங்கள் பட்டியில் தாய் ஆடுகள் எல்லாம் கன்னி. கிடாவில் ஒன்று மட்டும் வெளியினம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் கறிக்காக வெள்ளாடு வளர்க்கிறேன். பட்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “போயர் இருக்கா?” என்றுதான். இருக்கிறது, அந்த வெளியினக் கிடாதான், பாதி ரத்தம். ஆனாலும் நான் அவர்களைத் தாய் ஆடுகளிடம்தான் முதலில் கூட்டிப்போவேன். கறிக்கு விற்கிற பட்டியில் வருமானம் குட்டியின் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறது. அந்த எண்ணிக்கையைத் தருவது தாய்.

கன்னி ஆட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கருத்த உடம்பு, முகத்தின் இரு பக்கமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை இறங்கும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்கள் இதன் சொந்த மண். இரட்டைக் குட்டி போடுவது இதற்குச் சாதாரணம். இதே மண்ணில் கொடி ஆடும் உண்டு: நெட்டைக் கால், ஒடிசலான உடம்பு, வெள்ளையில் கருப்புச் சிதறியிருந்தால் கரும்போரை, சிவப்புச் சிதறியிருந்தால் செம்போரை. நெடுந்தூரம் மேய்ச்சலுக்கு நடத்துகிறவர்களுக்குக் கொடிதான் சரி. வடக்கே சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சேலம் கருப்பு. மூன்றுமே கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளப் பணியகத்தில் தனி இனங்களாகப் பதிவானவை.

எந்தத் தாய் உங்களுக்கு ஏற்றது என்பதை வைகாசியில்தான் பார்க்க வேண்டும். மழை முடிந்த தை மாதத்தில் எந்த ஆடும் பளபளப்பாகத்தான் இருக்கும். வைகாசியில் காட்டில் வேலிக்கருவை நெற்றும் உடை மரத்துக் குழையும்தான் மிச்சம். அப்போது எங்கள் கன்னி பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து நின்று, முன்னங்காலால் கிளையை வளைத்துப் பிடித்து, முள்ளுக்கு நடுவே இருக்கிற இலையை உதட்டாலேயே உருவித் தின்னும். வயிற்றில் சினையும் இருக்கும். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும்போது விலா எலும்பு தெரிந்தாலும் கண்ணில் சோர்வு தெரியாது. வெளியூரிலிருந்து அழகு பார்த்து வாங்கிவந்த ஆடு இந்த இரண்டு மாதத்தில் உடம்பை விட்டுவிடும். அடுத்த பருவத்துக்குச் சினையும் நிற்காது. எங்கள் ஊரில் காலமெல்லாம் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் ஜமுனாபாரியைப் பார்த்துச் சொன்னார்: “ஆடு நல்ல ஆடுதான்யா. அதுக்கு நாக்கு நம்ம காட்டுக்குப் பழகலை.” யமுனைக் கரையில் வளர்ந்த இனம் அது. அவர் சொன்னது முழுக்கச் சரி.

அப்படியானால் கலப்பு எதற்கு? சந்தைக்கு. கன்னிக் கிடாவுக்குச் சதைப்பிடிப்பு குறைவு. கசாப்புக் கடைக்காரருக்கு வேண்டியது தொடையும் இடுப்புச் சதையும். அதைக் கொடுக்கிற கிடாவைத் தேடும்போது போயர் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதி விவசாயிகள் கறிக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம். 1959-ல் அவர்களே சங்கம் அமைத்து இனத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை, அகன்ற மார்பு. நன்றாக வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும்.

மண்ணுக்கேற்ற தாய், கறிக்கேற்ற ஆண் என்ற இந்த வழியில்தான் பெரிய மாட்டிறைச்சிப் பண்ணைகளும் போகின்றன. வட ஆஸ்திரேலியாவின் வெயிலிலும் உண்ணியிலும் தாக்குப்பிடிக்கப் பிராமன் பசுக்களை வைத்துக்கொண்டு, விற்பனைக் கன்றுக்காக ஷாரொலே போன்ற கறியினக் காளையைச் சேர்க்கிறார்கள். அந்தப் பிராமனே, அமெரிக்கர்கள் நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் மாடுகளின் வழித்தோன்றல்களைக் கலந்து உருவாக்கியதுதான். டெக்சாஸின் கிங் பண்ணை ஷார்ட்ஹார்ன் 5 பங்கு, பிராமன் 3 பங்கு என்று கலந்து நிலைநிறுத்திய சாண்டா கெர்ட்ரூடிஸ் 1940-ல் தனி இனமாக ஏற்கப்பட்டது. வெப்பத்தையும் பஞ்சத்தையும் தாங்கும் குணத்துக்கு அவர்கள் நம் திமில் மாடுகளைத் தேடி வந்தார்கள். நம் கையில் ஏற்கெனவே இருக்கிற அந்தக் குணத்தை, கறி எடைக்கு ஆசைப்பட்டு நாம் அழித்துவிடக் கூடாது.

அழிவது எப்படியென்றால், இப்படித்தான். முதல் கலப்புக் குட்டிகள் துடிப்பாக இருக்கும். இரண்டு தூர இனங்கள் சேரும்போது வருகிற கலப்பின வீரியம் அது. குட்டி பிழைப்பதிலும் பெட்டை சினை பிடிப்பதிலும் அது நன்றாகத் தெரியும்; வளர்ச்சியில் ஓரளவு தெரியும்; கறியின் குணத்தில் மிகக் குறைவு. குட்டிகளின் அழகில் மயங்கி, கலப்புக் கிடாவையும் கலப்புப் பெட்டையையும் பட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அவை தமக்குள் சேர்ந்தால் அந்த வீரியம் பாதியாகக் குறையும். அதற்குள் தூய கன்னித் தாய்களும் கழிந்து போயிருக்கும். மிஞ்சுவது, ஒன்று போல ஒன்று இல்லாத, எந்தக் காட்டுக்கும் ஒட்டாத கூட்டம்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. 40 தாய் ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 8 ஆட்டை, கழித்துப் புதிது சேர்க்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் மிகச் சிறந்த 10 தாய்களைப் பிரித்துத் தூய கன்னிக் கிடாவோடு மட்டும் விடுங்கள். சினை ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஈற்றுக்குச் சராசரி ஒன்றரைக் குட்டி என்று போட்டால் 10 தாயிடமிருந்து வருடத்துக்கு 22 குட்டி. அதில் பாதி பெட்டை. சாவு, கழிவு போக 8 தேறும். மீதி 30 தாயில் தலையீற்றுப் பெட்டைகள் போக மற்றவை கறிக்கிடாவுக்கு. அவை போடுகிற குட்டி ஆணோ பெண்ணோ, எல்லாமே விற்பனைக்குத்தான். கலப்புப் பெட்டையைத் தாயாக வைத்துக்கொள்ளச் சொல்லி மனசு இழுக்கும்; விற்றுவிடுங்கள். பச்சைத் தீவனத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கன்னியோடு தலைச்சேரி இன ஆட்டைக் கலந்த பெட்டைகளைத் தாயாக வைத்து, அதன்மேல் போயர் சேர்க்கலாம். பால் கூடும், தாயின் வீரியமும் குட்டியின் வீரியமும் சேர்ந்து கிடைக்கும்.

எவ்வளவு போயர் ரத்தம்? வெறும் மேய்ச்சல் என்றால் குட்டியில் கால் பங்கு போதும். அதற்குப் பாதி ரத்தக் கிடா சரி. குட்டிக்குத் தினமும் 200 கிராமாவது அடர்தீவனமும், வேலிமசால், அகத்தி மாதிரிப் பச்சையும் கொடுக்க முடிந்தால் அரைப் பங்கு வரை போகலாம். அதற்கு மேல் எங்கள் வெயிலுக்கு ஆகாது. தீனி போடாமல் ரத்தத்தை மட்டும் கூட்டினால் கன்னிக்குட்டிக்கு முன்னால் கலப்புக் குட்டிதான் மெலியும். எலும்பு பெரிது, பசியும் பெரிது.

தலையீற்றுப் பெட்டைக்குக் கறிக்கிடாவைச் சேர்க்கவே கூடாது. கன்னிக்குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோ அளவில் இருக்கும். போயர் வழிக் குட்டி அதைவிடத் தடித்த தலையும் தோளுமாக வரும். ஒற்றைக் குட்டியாகிவிட்டால் சின்னப் பெட்டையின் இடுப்பில் மாட்டிக்கொள்ளும். முதல் ஈற்று கன்னிக் கிடாவுக்கே இருக்கட்டும்.

கிடா வாங்கும்போது “முழுப் போயர்” என்ற வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், கூடப் பிறந்த குட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். வாயைத் திறந்து கீழ்ப்பல் மேலண்ணத் திண்டில் சரியாகப் பொருந்துகிறதா பாருங்கள். தாடை குட்டையாக இருந்தால் மேயாது, அந்தக் குறை குட்டிக்கும் இறங்கும். விதைகள் இரண்டும் இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு விதை மட்டும் உள்ளதை ஒதுக்குங்கள். புருசெல்லா சோதனை செய்யுங்கள். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் தனியாகக் கட்டிவைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பிறவியிலேயே கொம்பு முளைக்காத கிடாவை அதே மாதிரியான பெட்டையோடு சேர்க்கக் கூடாது. வெள்ளாட்டில் கொம்பின்மையும் மலட்டுத்தன்மையும் ஒரே மரபணுக் கூற்றில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. குட்டிக்கு அது இரண்டு பக்கமிருந்தும் வந்தால், பெட்டையாக வளர வேண்டியது ஆணும் பெண்ணும் கலந்த உறுப்போடு, குட்டி போடவே முடியாததாகப் பிறக்கும். தலைச்சேரியில் கொம்பில்லாதவை தட்டுப்படும் என்பதால் சொல்கிறேன். இணையில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

சந்தை என்று பொதுவாகச் சொன்னேன். எட்டயபுரம் சந்தையில் நின்றால் அது பல சந்தை என்று தெரியும். கறிக்கடை வியாபாரி ஆட்டின் முகத்தைப் பார்க்க மாட்டார். இடுப்புக்கு மேலே கட்டை விரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து அழுத்துவார், எலும்பு குத்தினால் விலை இறங்கும், சதை நிரம்பியிருந்தால் “என்ன சொல்றீய அண்ணாச்சி?” என்று பேச்சை ஆரம்பிப்பார். கலப்புக் குட்டி அவர் கைக்குத்தான் பிறந்தது. ஆனால் கோயில் கொடைக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர் அந்தச் செந்தலைக் குட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “கருப்புலதான் வேணும்யா” என்று கேட்டுக் கன்னிக் கிடாவையோ சேலம் கருப்பையோ பிடித்துப்போவார். எடைக் கணக்கே கிடையாது. பக்ரீத்துக்கு வாங்குகிறவர் வயது ஒன்று நிறைந்ததா, கொம்பு உடையாமல், காது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். தூய கன்னி வழியில் பிறக்கிற கிடாக்குட்டிகளை அதனால்தான் அவசரப்பட்டு விற்பதில்லை. அவை கொடைக்கும் பக்ரீத்துக்கும்.

கிடா சேர்க்கும் மாதத்தையும் சந்தையை வைத்தே முடிவு செய்யுங்கள். ஆவணியில் சேர்த்தால் தையில் ஈற்று. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிறக்கும் குட்டிகள் சளியிலும் கழிச்சலிலும் போய்விடுகின்றன. தைக்குட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு, தாய்க்கும் மழைக்குப் பிந்திய குழை இருக்கும். ஒன்பது மாதத்தில் தீபாவளி வந்துவிடும்.

ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை வரை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கன்னிக் கிடாவைக் கட்டாயம் மாற்றுங்கள், இல்லையென்றால் மகளோடே சேரும். பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை. கிடாக்குட்டிகளை மூன்று மாதத்தில் தனியே பிரித்துவிடுங்கள். நாலு மாதத்தில் அவை ஏற ஆரம்பித்துவிடும். இரண்டு கிடாவும் ஒரே பட்டியில் இருந்தால், சேர்க்கையில்லாத நாட்களில் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துண்டு கட்டிவிடுவது பழைய மேய்ப்பர் வழி, இன்றைக்கும் பலிக்கிறது. காதில் எண் வில்லை போட்டு, நோட்டில் தாய் எண், கிடா எண், ஈன்ற தேதி, குட்டி எத்தனை, மூன்று மாதத்தில் எடை எவ்வளவு என்று எழுதிவாருங்கள். அடுத்த வருடம் அந்த 10 தாய் எவை என்பதை இந்த நோட்டைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.