பரணில் கிடக்கும் மலரும் கையிலிருக்கும் போனும்

1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதியாக இருந்தவை திரும்பக் கிடைக்கவேயில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற எண்ணிம நூலகங்களுக்கு, வீட்டுப் பரணில் கிடக்கும் பள்ளி ஆண்டுமலரும் கும்பாபிஷேக மலரும்தான் இன்று அரிய சரக்கு. அவற்றைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும். ஸ்கேனர் வேண்டாமா என்பார்கள். 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4,000 புள்ளி. ஏ4 தாள் படம் முழுக்க நிறைந்தால் அங்குலத்துக்கு 340 புள்ளி கிடைக்கும். ஆவணங்களுக்கு வழக்கமாகக் கேட்பது 300தான். தையல் விட்ட புத்தகத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினாலோ முதுகு பிளந்துவிடும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். ஆண்டும் அச்சகமும் உள்ள பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அந்த விவரம் இல்லாத கோப்பைப் பின்னால் தேடி எடுப்பது பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள்.

பதிப்புரிமை பற்றிய தயக்கம் நியாயமானது. ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு கடக்காத நூலுக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படம் எடுத்தாயிற்றே என்று மூலப் பிரதியைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.